ரத்தம் குடிப்பது யார்?

கரண் கந்தாரி இயக்கிய 'சிஸ்டர் மிட்நைட்' (2024) படத்தைப் பெரம்பலூர், அரியலூர்த் தோழர்களோடு பார்த்தேன். பெரியவர்கள் கட்டிவைத்த கல்யாணம். மும்பைக் குடிசையில் ஒட்டாத புருஷனோடு அடைபட்ட உமா (ராதிகா ஆப்தே) பறவை ரத்தம், ஆட்டு ரத்தம் குடிக்கத் தொடங்குகிறாள். 'பைத்தியக்காரி' என்று ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. 'அவளா பேயி? கட்டிவச்சாங்க பாரு, அந்தக் கல்யாணந்தான் பேயி' என்றார் செந்துறைப் பக்கத்து அக்கா ஒருவர்.

சரிதான். ஆனால் அந்தப் பேயின் பெயர் சாதி என்று படம் சொல்லவில்லை. அகமணமே சாதியின் உயிர்நிலை என்று 1916இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். அதை மீறிய சங்கரை 2016இல் உடுமலைப்பேட்டை நடுரோட்டில் வெட்டிச் சாய்த்தார்கள். உமா குடித்தது ஆட்டு ரத்தம். நம்மூர்க் கல்யாணம் கேட்பது மனுச ரத்தம். இதற்கு எந்தத் தோழர் சிரிப்பார்?