மூழ்கத் தெரியாத மரம்

படாளத்துக்கு வடக்கே, மாமண்டூர் அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும் பாலாறு, வாயலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. அங்கிருந்து சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம் என்று வடக்கே நீளும் கரையில் இயற்கையான துறைமுகம் ஒன்றுகூட இல்லை. அலை நேராக மணலில் வந்து உடைகிறது. அந்த உடைப்பைத் தாண்டிப் போய், அதன் வழியே திரும்பி வருவதற்காக இக்கரை மீனவர்கள் கண்ட வடிவம்தான் கட்டுமரம்.

அவர்கள் அதை வெறுமனே ‘மரம்’ என்பார்கள். அல்பீசியா போன்ற இலேசான மரத்தைச் செதுக்கி, நடுக்கட்டை சற்றே தாழவும் பக்கக் கட்டைகள் உயரவும் சேர்த்து, முன்முனையை மேல்நோக்கி வளைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. அலை அடிக்கும்போது கட்டைகள் ஒன்றோடொன்று சற்று நெகிழ்ந்து கொடுக்கும். தண்ணீர் இடுக்கில் ஏறி இடுக்கிலேயே இறங்கிவிடும். இறைக்க வேண்டியதில்லை, நிரம்பவும் வழியில்லை. கவிழ்ந்தாலும் நீந்திப் போய்ப் புரட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள். முக்கோணப் பாயை விரித்து, பக்கவாட்டில் ஒதுங்காமலிருக்க ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கி, துடுப்பாலேயே திசை பிடித்துவிடலாம்.

இதற்கு விலையும் உண்டு. மேலே இருப்பவர் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். மரம் நீர் குடித்துக் கனத்துவிடும் என்பதால், கரையேறியதும் கட்டுகளை அவிழ்த்து வெயிலில் காயப்போட வேண்டும்.

செயற்கைத் துறைமுகம் அமையும்வரை சென்னையில் கப்பல் பயணிகளைக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணியில்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை. அலையில் அவை கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கி எடுப்பதற்காகக் கட்டுமரங்கள் கூடவே போயின. உயிர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. அன்றாடம் மீன் பிடிக்கும் மரமே அந்த வேலையையும் செய்தது.

இந்த வடிவத்தின் அருமை, ஆழ்கடல் பாய்மரப் பந்தயங்களோடு வைத்துப் பார்க்கும்போது இன்னும் கூடுகிறது. 1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். 24 படகுகள் கைவிடப்பட்டன, ஆனால் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. உயிர்மிதவையை நம்பி ஏறியவர்களிலும் பலியானவர்கள் உண்டு. மிதக்கும் படகை விட்டு அவசரப்பட்டு இறங்கக் கூடாது என்ற பாடத்தை அந்த இரவு பந்தய உலகுக்குக் கற்பித்தது. வேகத்துக்காக அகலமாகவும் இலேசாகவும் செய்த படகு, தலைகீழாகிவிட்டால் நிமிர மறுக்கலாம் என்பதும் அதன் பிறகுதான் தீவிரமாக அளந்து பார்க்கப்பட்டது.

படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் கனமான பகுதியான கீல் இருந்தால், கவிழ்ந்த படகு நிமிர்ந்துவிடும். அதற்கு இந்தியச் சாட்சி பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது, தென் இந்தியப் பெருங்கடலில் கோவாவில் கட்டிய அவருடைய ‘துரியா’ புரட்டிப் போடப்பட்டது. பாய்மரம் முறிந்தது, அவர் முதுகு அடிபட்டது. ஆனால் படகு நிமிர்ந்து மிதந்தது. அதற்குள்ளேயே படுத்துக் கிடந்த அவரை ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அந்தப் பந்தயம் அடுத்த முறை நடந்தபோது, 2023இல் அதை இரண்டாமவராக முடித்தார்.

கீல் இல்லாத இரட்டை உடல் படகுகள் இதற்கு நேர்மாறானவை. 1876இல் நியூயார்க்கில், படகு வடிவமைப்பாளர் ஹெரஷாஃபின் இரட்டை உடல் படகான ‘அமரில்லிஸ்’ தன் வேகத்தால் மற்ற படகுகளைத் திகைக்க வைத்தது. அந்த இனம் கவிழ்ந்தால் தானாக நிமிராது, ஆனால் தலைகீழாகவே மிதக்கும். அதனால்தான் உள்ளே இருப்பவர் வெளியேறத் தனித் திறப்பு வைக்கிறார்கள். கட்டுமரத்தில் உள்ளே என்று ஓர் இடமே இல்லை. ஆள் சிக்கிக்கொள்ளவும் இடமில்லை.

ஆனால் கட்டுமரத்தில் உலகம் சுற்ற முடியாது. தூங்க இடமில்லை, உணவு வைக்க இடமில்லை. விடியலில் போய்ப் பகலில் திரும்பும் பிழைப்புக்கான வடிவம் அது, அந்த எல்லைக்குள் குறை சொல்ல இடமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இக்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. எஞ்சின் பூட்டி அதிக தூரம் போகலாம், அதிக வலை ஏற்றலாம். ஆனால் அவற்றின் உட்புறம் குழிவானது. அலை ஏறினால் தண்ணீரை இறைத்தாக வேண்டும்.