பாறசாலை பொன்னம்மாள்: மண்டபத்துக்குள் நுழைந்த பாடாந்தரம்

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்னால் எங்கள் பாறசாலை வழியாக ஓர் ஊர்வலம் போகும். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானை மேல் வருவாள். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருவார்கள். குழித்துறையில் ஓர் இரவு தங்கல், களியக்காவிளையில் எல்லை தாண்டல், நெய்யாற்றின்கரையில் இன்னோர் இரவு, பிறகு திருவனந்தபுரம். கம்பர் வழிபட்ட விக்கிரகம், அவர் சேர மன்னனிடம் ஒப்படைத்தது என்பது வழிவழி வந்த செய்தி. 1956-ல் மாநில எல்லை நடுவே விழுந்த பிறகும் அம்மன் போக்குவரத்து நிற்கவில்லை.

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். பாத்திரக் கடை வைக்க இங்கே வந்தவன். வந்த புதிதில் கடை வாசலில் நின்று ஊர்வலம் பார்த்தபோது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அங்க ஒம்பது நாளும் கச்சேரி நடக்குமாமே, நாமளும் ஒருநா போயி ஒக்காந்து கேக்கலாமா?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நவராத்திரி மண்டபத்தில் பாடுகிறவரும் ஆண், உள்ளே உட்கார்ந்து கேட்கிறவரும் ஆண். அவள் யானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

அந்த வழக்கம் 2006-ல் மாறியது. மாற்றியவர் எங்கள் ஊர்ப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்திருந்த அம்மையார். இளவரசர் ராமவர்மா முன்கை எடுத்து அழைக்க, பாறசாலை பி. பொன்னம்மாள் மண்டபத்தில் பாடினார். வயது அப்போது எண்பத்தொன்று. செய்தியைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "எம்பது வயசு தாண்டினாத்தான் கதவு தெறப்பாங்களா?" என்றாள்.

பத்திரிகைகள் முந்நூறு ஆண்டு மரபு உடைந்தது என்று எழுதின. இதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மண்டபத்தில் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படும் ஒன்பது கிருதிகளும் சுவாதித் திருநாள் இயற்றியவை. அவர் வாழ்ந்த காலம் 1813 முதல் 1846 வரை. ஆகவே முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்று நிற்கும் இந்த இசை முறைக்கு இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. கணக்குப் பழக்கம், விட முடியவில்லை, மன்னிக்கவும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. "முதல் பெண்" என்ற பட்டத்தை அம்மையாருக்குத் திரும்பத் திரும்பச் சூட்டி, அவருடைய பாட்டைப் பேசாமல் விட்டுவிட்டோம். 1939-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி, அங்கே ஆசிரியரான முதல் பெண், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். எல்லாம் உண்மை. பாட்டு எங்கே?

அவர் படித்த கல்லூரியைப் பாருங்கள். முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயர். சுவாதித் திருநாள் கிருதிகளைத் தேடித் திரட்டி, மெட்டு இல்லாதவற்றுக்கு மெட்டமைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். அந்தப் பாடாந்தரம் ஈரம் உலராமல் இருந்தபோதே அதை வாங்கிக்கொண்டவர் பொன்னம்மாள். வாங்கியதை அப்படியே அடுத்த கைக்குக் கொடுத்தவர். எம்.ஜி. ராதாகிருஷ்ணன், ஓமனக்குட்டி முதல் இந்தத் தலைமுறை அம்ருதா வெங்கடேஷ் வரை அவரிடம் கற்றவர்கள். வகுப்பில் அவர் சொல்லிக் கொடுத்த பாட்டை மண்டபத்தில் பாட ஆண் மாணவனுக்குத் தடையில்லை. சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் தடை!

எண்பது வயதுக்குப் பின் பதிவான அவர் குரலைக் கேட்டுப் பாருங்க. மேல் ஸ்தாயியில் நடுக்கம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் காலப்பிரமாணம் ஓடாது. சங்கதிகள் எண்ணி வைத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. சொல் உடையாது. சபையைக் கவர ஸ்வரத்தைக் கொட்டுகிற வேலையே இல்லை. கைதட்டலுக்குப் பழகிய காதுக்கு இது சற்று வறட்சியாகக்கூடத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அங்கேதான் விஷயம். நவராத்திரி மண்டபத்தில் கைதட்டல் கிடையாது. ராகம் பாடகர் இஷ்டம் இல்லை, கிருதியும் இஷ்டம் இல்லை. பாடுவது சபைக்கு அல்ல, அம்மனுக்கு. இந்தக் கட்டுப்பாட்டுக்கு அளந்து தைத்ததுபோன்ற பாட்டு அவருடையது. "மரபு கெட்டுவிடும்" என்று அஞ்சியவர்கள் இரண்டு பொருளை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். இசையைக் காத்த ஒழுங்கு ஒன்று, பெண்ணை வெளியே நிறுத்திய தடை ஒன்று. பொன்னம்மாள் பாடியபோது மூட்டை அவிழ்ந்தது; தடை போயிற்று, ஒழுங்கு போகவில்லை. புதுமைக்காரர் யாராவது முதலில் போயிருந்தால் பழிபோட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். மரபில் இவரைவிட ஊறினவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், யாரால் என்ன சொல்ல முடியும்? பின்வந்த ஆண்டுகளில் மற்றப் பெண்களும் அங்கே பாடினார்கள்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று எண்ண வேண்டாம். போப் ஆண்ட ரோம் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை பெண்கள் ஆபரா மேடை ஏறத் தடை. சிறு வயதில் விதையடிக்கப்பட்ட ஆண்களே பெண் குரலில் பாடினார்கள். 1711-ல் லண்டனில் அரங்கேறிய ஹாண்டலின் 'ரினால்டோ' ஆபராவில் நாயகன் பாத்திரமும் அப்படிப்பட்ட ஒருவர் பாடியதே. அதே வீரன் வேடத்தை 1984-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் பாடியவர் போலந்துப் பெண்மணி எவா போட்லெஷ். அந்த அரங்கு அவரை மறுபடி பார்க்க 2008 வரை, 24 ஆண்டு ஆயிற்று. காலதாமதம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

நம் அம்மையாருக்கும் தாமதம்தான். 1980-ல் பணி ஓய்வு. கேரள சங்கீத நாடக அகாதமியின் ஃபெலோஷிப் 2009-ல், சுவாதி புரஸ்காரம் 2015-ல், பத்மஸ்ரீ 2017-ல். 2021 ஜூன் 22-ஆம் நாள் 96 வயதில் மறைந்தார்.

விருதுகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர் இசையமைத்த குருவாயூர்புரேச சுப்ரபாதம், திருச்சிவபுரேச சுப்ரபாதம் ஆகியவற்றின் மெட்டைப் பற்றியும், இரயிம்மன் தம்பி, கே.சி. கேசவ பிள்ளை பாடல்களில் அவர் செய்த வேலையைப் பற்றியும் ஸ்வரம் போட்டு ஆராய வேண்டியிருக்கிறது. அதற்கு என் கேள்வி ஞானம் போதாது. முறையாகச் சங்கீதம் கற்ற பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அடுத்த மலருக்குள் அவர்களில் ஒருவர் எழுதித் தரட்டும். பதிவுகள் தேவைப்பட்டால் கடைக்கு வரலாம், கேட்க வைக்கிறேன்.