55 கிலோ கபடி: தராசு எதைச் சரிசெய்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற மம்சாபுரம் போன்ற ஊர்களில் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் வந்தால், இளைஞர்கள் முதலில் தேடுவது ஓர் எண்ணை. 55 கிலோவா, 60 கிலோவா, 65 கிலோவா, இல்லை எடை வரம்பே இல்லாத ஓபனா? பொங்கலையோ கோயில் திருவிழாவையோ ஒட்டி நடக்கும் ஆட்டங்களில் யார் களம் இறங்குவார், யார் கயிற்றுக்கு வெளியே நிற்பார் என்பதை அந்த எண் முடிவுசெய்துவிடுகிறது. தென்மாவட்டங்களில் வேரூன்றிவிட்ட இந்த எடைக் கட்டுப்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால், அணிகளைச் சமன்செய்யும் பொறுப்பு முழுவதையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம். அதை அதனால் சுமக்க முடியாது.

அதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கபடி உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். பாடி வருபவரின் கணுக்காலைக் கார்னரில் நிற்பவர் பிடிக்க, பக்கத்திலிருந்து கவரில் நிற்பவர் வந்து மோத, 30 வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். 80 கிலோ ஆள் ஓடி வரும்போது 50 கிலோ பையன் குறுக்கே விழுந்தால் தோள்பட்டை இறங்குவது பையனுக்குத்தான். தேசியப் போட்டிகளிலேயே மூத்த ஆண்களுக்கு 85 கிலோ, 20 வயதுக்கு உட்பட்ட ஜூனியர்களுக்கு 70 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கிராமம் அதைவிடக் கீழே இறங்கி வந்தது சரியான முடிவு. ராஜபாளையம் மில்லில் ஷிப்டு பார்த்துவிட்டோ, தென்னந்தோப்பில் காய் சுமந்துவிட்டோ மாலையில் ஆட வருகிறவர்களின் உடம்பு ஜிம்மில் வளர்ந்தது இல்லை. 55 கிலோ பிரிவு இல்லாமல் போயிருந்தால் அவர்களில் பலருடைய ஆட்டம் பள்ளிக்கூடத்தோடு நின்றிருக்கும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசன், தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். அப்படி ஒருவர் வர வேண்டுமென்றால் ஆயிரம் பையன்களுக்கு ஆட இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு நன்மை, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் நேர்மை. தராசில் முள் நின்ற இடத்தைப் பற்றி விவாதம் கிடையாது.

குறை எங்கே என்றால், தராசு தசையைத்தான் நிறுக்கிறது, பயிற்சியை நிறுக்கவில்லை. ஐந்து வருடமாக ஒரே மண் களத்தில் சேர்ந்து ஆடும் ஏழு பேரும், போன வாரம் கூடிய ஏழு பேரும் ஒரே 55 கிலோவுக்குள் வருவார்கள். முதல் பாதி முடிவதற்குள், புதிய அணி மொத்தமாக அவுட்டாகி இரண்டு லோனா விழுந்துவிடும். பரிசுத்தொகை ஏற ஏற வெளியூர் ஆட்களை இறக்குவதும் ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் அசல் ஆதார் கொண்டுவர வேண்டும், ஒருவர் ஓர் அணிக்கு மட்டுமே ஆடலாம் என்றெல்லாம் நோட்டீஸில் அச்சிடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அணியின் பெயரே தெருவின் பெயராக இருக்கும் நம் பக்கத்தில், வேறு தெருப் பையனும் வேறு ஊர்ப் பையனும் ஒரே பனியனில் ஆடுவது ஆட்டத்தைவிடப் பெரிய காரியம். இரண்டு பேர் வரை வெளியாள் ஆடலாம் என்று அளவு வைப்பதை ஆதரிப்பேன். அடியோடு தடுப்பதை ஆதரிக்க மாட்டேன்.

இதைவிடக் கவலை தருவது எடைக் குறைப்பு. 58 கிலோ பையன் 55-க்குள் நுழையப் பட்டினி கிடக்கிறான், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடி வியர்வையை இறக்குகிறான். சாயங்காலம் நிறுத்துவிட்டு, விடிய விடிய ஃபோகஸ் வெளிச்சத்தில் ஆடுகிறான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதல் எடைக்காக இறுதிப் போட்டியை இழந்தபோது நாடே பதறியது. மருத்துவர்கள் சூழ இருந்த இடத்தில் நடந்தது அது. நம் களத்தோரம் குளுக்கோஸ் பொட்டலம்கூட இருக்கும் என்று சொல்ல முடியாது. 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை இறக்கும்போதே சில வார இடைவெளியில் இறந்தார்கள். அதன்பின் அங்கே எடை பார்க்கும் நேரத்தை ஆட்டத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தார்கள். நிறுத்த பிறகு தேறிக்கொள்ள நேரம் இல்லையென்றால் எடை இறக்குவதில் லாபம் இல்லை. நாமும் நுழைவுக் கட்டணம் வாங்கும் மேசையில் நிறுப்பதை விட்டு, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன் களத்தோரத்தில் நிறுக்கலாம். செலவே இல்லாத மாற்றம் இது.

திறமையையே அளந்து சமன்செய்ய முடியாதா? சென்னைக் கடற்கரையிலும் ஆடப்படும் அல்டிமேட் ஃப்ரிஸ்பீயில் ஒரு வழி இருக்கிறது. 'ஹேட்' போட்டிகளில் அணியாக வராமல் ஆளாளுக்குப் பெயர் கொடுப்பார்கள். தன் அனுபவம் எவ்வளவு என்று தானே எழுதித் தருவார்கள். தேர்ந்தவரையும் புதியவரையும் கலந்து அணி பிரிப்பார்கள். கோல்ஃபில் பலவீனமானவருக்கு முன்கூட்டியே சலுகை கணக்கிட்டுக் கொடுப்பதும் இந்த வகைதான். தராசைவிட நுட்பமான அளவுகள் இவை. ஆனால் ஆடுகிறவர் உண்மை சொன்னால்தான் வேலை செய்யும். நடுவரே இல்லாமல், தவறைத் தாங்களே பேசித் தீர்க்கும் ஃப்ரிஸ்பீக்கு அது பொருந்தும். பணப்பரிசுக் கபடியில் 'பலவீனமான அணிக்கு ஐந்து புள்ளி இலவசம்' என்றால், பலவீனமாகக் காட்டிக்கொள்ள வரிசை நிற்கும். அதோடு தன் ஊர்ப் பெயரில் ஆடுவதுதான் நம் ஆட்டத்தின் உயிர். அதைக் கலைத்துச் சமன்செய்தால் பார்க்க வருகிற கூட்டமும் கலைந்துவிடும்.

கபடி விதியிலேயே தளர்ந்த பக்கத்துக்குத் தாங்கல் இருக்கிறது. ஆறு பேருக்குக் குறைவாகத் தடுக்கும் அணியிடம் போனஸ் எடுக்க முடியாது. மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல். யாருடைய திறமையையும் முன்கூட்டி மதிப்பிடாமல், களத்தில் ஆள் குறைந்த அந்த நிமிடத்தில் மட்டும் கை கொடுக்கும் விதி இது. சில ஊர்ப் போட்டிகளில் நேரம் மிச்சம் பிடிக்க இவற்றை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

கடைசியாக, ஒருமுறை தோற்றாலே வெளியேற்றும் நாக்அவுட் முறை. 32 அணி வந்தால் 16 அணி ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்புகிறது. வேன் வாடகையும் நுழைவுக் கட்டணமும் கொடுத்து வந்து கால் மணி நேரம் ஆடிவிட்டுப் போகும் அணி எப்படித் தேறும்? அடுத்த வருடமும் அது முதல் சுற்றில்தான் தோற்கும். தோற்ற 16 அணிகளையும் ஒன்றோடொன்று இன்னொரு முறை மோதவிட்டால் கூடுதலாக எட்டே ஆட்டங்கள். இரண்டு களம் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் பரிசில் கொஞ்சம் குறைத்தால், அந்த எட்டு ஆட்டத்துக்கு நடுவர் படியையும் ஜெனரேட்டர் டீசலையும் அதிலேயே எடுத்துவிடலாம்.