தோரோவின் கணக்கேடும் ஜான் ஃபீல்டின் தேநீரும்

ஹென்றி டேவிட் தோரோவின் ‘வால்டன்’ (1854) துறவு நூல் என்று பலராலும் போற்றப்படுகின்றது. உண்மையில் அது ஒரு கணக்கேடாகவே தொடங்குகின்றது. ஹார்வர்டில் பயின்ற இளைஞர் ஒருவர், இருபத்தெட்டு வயது நிரம்ப எட்டு நாள்களே இருக்கையில், 1845 ஜூலை 4ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரை அடுத்த ஏரிக்கரையில் தாமே கட்டிய குடிலில் குடியேறுகின்றார். குடிலுக்கான செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆண்டில் ஆறு வாரம் உழைத்தால் உயிர் வாழப் போதிய பொருள் கிட்டிவிடும். எஞ்சிய நாள்களெல்லாம் தமக்கே உரியவை என்பது அவர் கண்ட முடிவு.

நிலம் நண்பர் எமர்சனுடையது, துணி வெளுத்தவர் வேறொருவர், பசித்தால் ஊருக்குள் விருந்து எனச் சுட்டிக்காட்டி, இவ்வாழ்வைப் போலியென்று தள்ளுவோர் உளர். இது நேரிய திறனாய்வு ஆகாது. நிலம் பிறருடையது, கோடரி இரவல், சில வேளை வெளியே உண்டதுண்டு என்பவற்றை நூலே ஒளிக்காமல் கூறுகின்றது. வெளுப்புக்கான சீட்டு இன்னும் வந்து சேரவில்லை என்றுகூட அவர் எழுதி வைக்கின்றார். அந்தக் குறும்பைச் சுவையாதவர் நூலைப் படித்தவர் ஆகார்.

எனக்குள்ள மனக்குறை வேறு. குடிலுக்கான பலகைகளின் பொருட்டு, ரயில்பாதையில் வேலை செய்த ஐரிஷ்காரர் ஜேம்ஸ் காலின்ஸின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்குத் தோரோ விலைக்கு வாங்குகின்றார். மறுநாள் விடியலில் அக்குடும்பம் வெளியேறுகின்றது. காப்பி அரைக்கும் இயந்திரமும் முகம் பார்க்கும் கண்ணாடியும் உட்பட உடைமை முழுவதும் ஒரே மூட்டைக்குள் அடங்கிவிடுகின்றது! பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்த நம்மில் எவர்க்கும் அம்மூட்டை புதிதன்று. செலவுக் குறைந்த அந்த வாழ்வு, வேறொரு குடும்பம் விட்டுச் சென்ற பலகைகளின்மேல் எழுந்தது.

பின்னர் வருபவர் ஜான் ஃபீல்டு. இவரும் ஐரிஷ்காரரே, மனைவியும் குழந்தைகளும் உடையவர். ஏக்கருக்கு 10 டாலர் கூலிக்குச் சதுப்பு நிலத்தைக் கொத்தித் திருத்துபவர். மழைக்கு அவர் வீட்டில் ஒதுங்கிய தோரோ, தேநீர், காப்பி, வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றை விட்டுவிட்டால் இத்துணைக் கடுமையாக உழைக்க வேண்டியதில்லை என்று அறிவுரை கூறுகின்றார். கணக்கு சரியாகத்தான் இருக்கின்றது. ஆனால் அது ஒரு வயிற்றுக்கான கணக்கு. தந்தையாருக்குப் பென்சில் தொழில் இருந்தது. வேண்டும்போது திரும்ப வீடும் இருந்தது. ஃபீல்டோ, நாள்தோறும் தேநீரும் இறைச்சியும் கிடைப்பதையே அமெரிக்கா வந்ததன் ஊதியமாக எண்ணியவர். ஒருவருக்குத் தளையாகத் தோன்றிய பொருள், மற்றவர் கடல் கடந்து பெற்ற பேறு. (காப்பியை விடச் சொன்னால் நம் இல்லங்களில் என்ன நிகழும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.)

எனினும் தோரோவின் உரைநடை அவரது வாதத்தைவிட நேர்மை உடையது. ஃபீல்டின் எண்ணத்தை அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நூலைப் பலமுறை திருத்தி எழுதியவர், தம் வாதத்துக்கே ஊறு செய்யும் அப்பகுதியை நீக்காமல் விட்டார். அறிவுரைக்காக நான் இந்நூலை மீண்டும் எடுப்பதில்லை. இத்தகைய இடங்களுக்காகவே எடுக்கின்றேன்.

அன்று மாலை ஃபீல்டு வேலையை விட்டுவிட்டுத் தோரோவுடன் மீன்பிடிக்கச் செல்கின்றார். தோரோவுக்கு ஒரு கோவை மீன் கிடைக்கின்றது, ஃபீல்டுக்கு இரண்டொன்றே. படகில் இருவரும் இடம் மாறி அமர்கின்றனர். நற்பேறும் உடன் இடம் மாறிவிடுகின்றது. தோரோ இதனை நகைச்சுவையுடன் எழுதுகின்றார். அன்று கொத்தப்படாமல் கிடந்த நிலத்தின் கூலி மட்டும் அவர் கணக்கில் ஏறவில்லை.