கடல் கடவாத வாணிகக் கல்வி

பன்னாட்டு வாணிகத்தைக் கற்க விழைவோன் தன் ஊரெல்லையைத் தாண்டாமலே அதனைக் கற்றுவிட இயலுமா? கொள்ளைநோய்க் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, இயலும் என்றே விடையிறுத்தன. அவ்விடை எத்துணைப் பொருந்தும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் ஆராய்தல் நன்று.

இம்மையங்களின் பிறப்பை முதற்கண் நோக்குவோம். அமெரிக்கத் தொழில்கள் அயல்நாட்டுப் பொருள்களின்முன் தளர்ந்திருந்த காலத்தில், 1988ஆம் ஆண்டு அந்நாட்டுப் பேரவை இயற்றிய வாணிகப் போட்டித்திறன் சட்டத்தின்வழித் தோன்றியவையே பன்னாட்டு வாணிகக் கல்வி ஆராய்ச்சி மையங்கள். பிறர் மொழியும் வழக்கமும் அறியாதவன் பிறர் சந்தையில் தோற்பான் என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. ஆதலின் வாணிகப் பாடத்தோடு அயல்மொழிப் பயிற்சியையும் இணைக்கவேண்டும் என்று அது பணித்தது. மொழியாசிரியர் செவிக்கு இஃது இனிய செய்தி அன்றோ!

அவற்றுள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மையத்தை எடுத்துக்கொள்வோம். அம்மையம் 2001ஆம் ஆண்டிலேயே ‘குளோபல்எட்ஜ்’ என்னும் இணையக் களஞ்சியத்தை அமைத்தது. நாடுகளைப் பற்றிய குறிப்புகளும் பாடத்தொகுதிகளும் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆம் நாள் உலகப் பெருந்தொற்றை அறிவித்தபோது, மற்றவர்கள் இணையத்தில் கொட்டகை போட ஓடினார்கள். இவர்களுக்கோ அங்கே வீடு முன்னரே இருந்தது. இம்முன்னறிவைப் பாராட்டாதிருத்தல் முறையன்று.

ஆயினும் களஞ்சியம் நிறைந்திருத்தல் வேறு, உண்டு செரித்தல் வேறு. அயல்நாடு சென்று பயின்ற அமெரிக்க மாணவர் 2018–19இல் 347,099 பேர். 2020–21இல் 14,549 பேர். இவ்வீழ்ச்சியை எக்களஞ்சியம் ஈடுசெய்யும்? எனினும், அந்நாட்டில் உயர்கல்வி பெறுவோர் ஏறத்தாழ 20 மில்லியன் பேர் என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும். நோய்க்கு முன்னும் பெரும்பாலோர் கடல் கடந்தாரல்லர். பணம் அவர்களைத் தடுத்தது. விமானம் நின்றபோது இழப்பென்று வருந்தியவர்கள் முன்னரே ஏறும் வாய்ப்புப் பெற்றவர்கள். ஏறாதவர்க்கோ அன்றுதான் முதன்முறையாக ஒரு சாளரம் திறந்தது.

அச்சாளரத்தின்வழி என்ன தெரிந்தது? திரைவழிக் கற்பித்தல் இருவகையாய் நடந்தது. அயல்நாட்டு மேலாளர் ஒருவர் திரையில் தோன்றி உரையாற்ற, மாணவர் கேட்டிருப்பது ஒருவகை. இது பழைய விரிவுரையே, உடைதான் மாறியது. பல நாட்டு மாணவர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து, மெய்யான ஒரு நிறுவனத்தின் சிக்கலுக்குப் பல வாரம் உழைத்துத் தீர்வு காண்பது மற்றொருவகை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்போரோ வளாகத்தில் 2010இல் தொடங்கிய ‘எக்ஸ்-கல்ச்சர்’ திட்டம் இத்தகையது. கொள்ளைநோய்க்குப் பத்தாண்டு முன்னரே பிறந்ததாதலின் இதனை அவசரச் சரக்கு என்று தள்ள முடியாது. மிச்சிகனில் கோடைக்காலத்துக் காலை எட்டு மணி கோலாலம்பூரில் இரவு எட்டு மணி. யார் உறக்கத்தை யார் விட்டுக்கொடுப்பது, மறுமொழி அனுப்பாத தோழனை எவ்வாறு கேட்பது, அவன் மௌனம் சோம்பலா மறுப்பா? இவையெல்லாம் வாணிகமே. பத்துநாள் விடுதியில் தங்கி ஆலை பார்த்துத் திரும்பும் பயணத்தினும் இதனையே நான் மேலென்பேன்.

(நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் எம் தோட்டப்பள்ளிப் பிள்ளைகள் மூவர் ஒரே கைப்பேசியை முறைவைத்துப் பகிர்ந்தனர், தந்தை வேலையினின்று திரும்பினாலன்றிப் பாடம் இல்லை. ஆதலின் திரையை அளவிறந்து புகழ என் நா எழவில்லை.)

இனி, என் மனக்குறையைச் சொல்கிறேன். அந்நோய்க்காலமே பன்னாட்டு வாணிகத்தின் தலைசிறந்த பாடநூல். உலக மருத்துவமனைகள் அணிந்த இரப்பர்க் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு மலேசியாவில் செய்யப்பட்டவை. 2020 ஜூலையில் கட்டாய உழைப்பு ஐயத்தின்பேரில் இங்குள்ள பெரிய ஆலை ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. இடையே, 2020 நவம்பரில், கிள்ளான் வட்டாரத்தில் கையுறைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நோயுற்றனர். அவர்கள் நெருக்கமாய் வாழ்ந்த விடுதிகளைப்பற்றி அப்போதுதான் பலரும் பேசினர். மேற்சொன்ன களஞ்சியத்திலோ நாடுகளை வரிசைப்படுத்தும் ‘சந்தை வாய்ப்புக் குறியீடு’ ஒன்று உண்டு. சந்தையின் அளவு, வளர்ச்சி, நுகர்வாற்றல், வாணிகக் கட்டமைப்பு, பொருளியல் உரிமை, நாட்டின் இடர் முதலியன அதன் அளவுகோல்கள். தொழிலாளி படுக்கும் இடம் அதில் ஓர் அளவுகோலாக இல்லை. விற்போனுக்கு வழிகாட்டும் கருவியில் அதனை ஏன் தேடுகிறாய் என்று கேட்பாருமுளர். அந்த விடுதியே ஆலையின் கதவை அடைத்தது, கப்பலை நிறுத்தியது என்பதே என் மறுமொழி.

நேரில் சென்றிருந்தால் மட்டும் மாணவன் அவ்விடுதியைக் கண்டிருப்பானா? ஐயமே. விருந்தினரை ஏற்றிய பேருந்து வரவேற்பறை வாயிலில்தான் நிற்கும். காண்பதற்கு வேண்டியது கடப்பிதழ் மட்டுமன்று. நேப்பாளியோ வங்காளமோ பேசும் ஒருவனோடு நான்கு சொல் பேசும் திறமும் வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பியது அதனையே. திரைவழிக் குழுவிலோ எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதினர், ஆங்கிலத்தில் உடன்பட்டனர்.

2022–23இல் 280,716 மாணவர் மீண்டும் பயணப்பட்டனர். போகாத மற்றவர்க்காகவேனும் அத்திரைக் குழுக்கள் தொடர்தல் வேண்டும். தொடரும்போது, வாரத்தில் ஒருநாள் கூட்டத்தையாவது அமெரிக்க மாணவன் தன் தோழனின் மொழியில் தொடங்கட்டும், தடுமாறினாலும் தாழ்வில்லை.