நெற்றியில் முளைத்த மூக்கு

திப்புவின் ஆட்களிடம் மூக்கைப் பறிகொடுத்த மாட்டு வண்டிக்காரர் காவஸ்ஜிக்குப் புது மூக்கு வைத்தவர், புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்துக்காரர். 1794இல் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ படத்தோடு வெளியிட்ட சங்கதி இது. மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலில் வரைந்து, கீறி, அப்படியே கீழே திருப்பிவிட்டார். புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் வெட்டவில்லை. சுமார் 25 நாள் அப்படியே விட்டார்.

அந்தக் காம்பில்தான் எனக்குக் கிறக்கம். தோலுக்குச் சோறு போடுவது அதிலுள்ள ரத்தக்குழாய். நரம்பு அறுந்தாலும் தோல் பிழைக்கும். ஆனால் அறுந்த நரம்புமுனை கக்கும் நோர்அட்ரினலின் என்ற ரசாயனம் குழாய்களை இறுக்கிவிடும். முதல் ஓரிரு நாள் கண்டம்தான். காம்பில் நரம்பு மிஞ்சியிருந்தால் கூத்து வேறு: மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில் குறுகுறுக்கும்!