நூறாவது பறவையும் ஊர்க் கண்மாயும்

பறவை பார்க்கிற இருவர் முதன்முறை சந்தித்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "இதுவரைக்கும் எத்தனை?" வயதையோ சம்பளத்தையோ கேட்பதில்லை. எத்தனை வகைப் பறவைகளைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முதன்முதலாகப் பார்க்கும் பறவைக்கு 'லைஃபர்' என்று பெயர். லைஃபர்கள் சேர்ந்து வாழ்நாள் பட்டியல் ஆகின்றன. அந்தப் பட்டியலில் ஐம்பது, நூறு, இருநூறு என்று மைல்கற்கள் நடப்படுகின்றன.

என்னுடைய நூறாவது பறவை ஆறுமணிக்குருவி. அக்டோபர் மாதம், விடிந்தும் விடியாத நேரம். வீட்டுக்குப் பின்னால் கொடுக்காப்புளி மரத்தடியில் சருகு புரளும் சத்தம் கேட்டது. ஓணான் என்று நினைத்தேன். சருகை அலகால் தள்ளித் தள்ளிப் புழு தேடிக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பறவை. பச்சை முதுகு, கண்ணை மறைத்துக் கட்டியது போலக் கறுப்புப் பட்டை, சந்தன நிற மார்பு, குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே, இலங்கை வரைக்கும் இறங்கி வருகிற பறவை அது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் கூப்பிடுவதால் நம்மவர்கள் வைத்த பெயர் ஆறுமணிக்குருவி. நோட்டில் 100 என்று எழுதி வட்டம் போட்டேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

அந்த வட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதைப் பல வருடங்களாக யோசித்துவந்திருக்கிறேன். அந்த யோசனையை வைத்துக்கொண்டு இந்தப் பொழுதுபோக்கின் நூற்றுச்சொச்சம் வருட வரலாற்றை ஒரு சுற்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பறவையைச் சுடாமல் எண்ணலாம் என்பதே ஒரு காலத்தில் புதிய எண்ணம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணியாகப் பிரிந்து வேட்டைக்குப் போவார்கள், அதிகம் சுட்டு வந்த அணிக்கு வெற்றி. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, சுடுவதற்குப் பதில் எண்ணிப் பார்ப்போம் என்று ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். அந்த முதல் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் 27 பேர், இடங்கள் 25. இன்றுவரை அது நடந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1932-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையும் இதே நம்பிக்கையில் எழுந்ததுதான்: விருப்பத்துக்காகப் பார்க்கும் ஆயிரம் பேரின் குறிப்புகளை ஒழுங்காகச் சேர்த்தால் அது அறிவியல் ஆகும்.

நம் நாட்டிலும் கதை துப்பாக்கியில்தான் தொடங்குகிறது. சிறுவன் சாலிம் அலி விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் பதம்செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். 1941-இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வந்தபின், தொலைநோக்கியும் அந்தப் புத்தகமும் இருந்தால் யாரும் பறவை பார்க்கலாம் என்றாகிவிட்டது. 1960-இல் சஃபர் ஃபத்தேஅலி பறவை நோக்குவோருக்கென்று ஒரு செய்திமடல் தொடங்கினார். தட்டச்சு செய்து படியெடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். தனித்தனி ஊர்களில் தனியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டது அப்படித்தான். சென்னையில் 1978-இல் மதராஸ் இயற்கை ஆர்வலர் கழகம் பிறந்தது.

இந்த வரிசையில் மா. கிருஷ்ணனைத் தனியாக நிறுத்திப் பேச வேண்டும். 1950-லிருந்து 1996-இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். அரிய பறவையைத் தேடி ஓடியவர் இல்லை அவர். காகம், மைனா, அணில், தெருநாய் என்று வாசலில் வந்து நிற்பதை உற்றுப் பார்த்தவர். இன்று கணக்கெடுப்பு நிபுணர்கள் சாதாரணப் பறவைதான் முக்கியம் என்று புள்ளிவிவரத்தோடு சொல்கிறார்கள். கிருஷ்ணன் அதைப் பார்வையாலேயே கண்டிருந்தார்.

வாழ்நாள் பட்டியலின் உச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஃபீபி ஸ்னெட்சிங்கரின் கதையைப் படிக்க வேண்டும். நான்கு பிள்ளைகளின் தாய். 1981-இல் அவருக்குத் தோல் புற்றுநோய் என்று கண்டார்கள், ஒரு வருடம்கூடத் தாங்காது என்றார்கள். அவர் அலாஸ்காவுக்குப் பறவை பார்க்கப் போனார். அதன்பின் பதினெட்டு வருடம் உலகம் முழுக்கச் சுற்றி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பார்த்தார். 1999-இல் மடகாஸ்கரில் பறவை தேடிப் போன பயணத்தில் வேன் கவிழ்ந்து இறந்தார். சாவை அத்தனை வருடம் தள்ளிநிறுத்திய அந்தப் பட்டியலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் அவர் பார்த்த ஒரு பறவை அந்த வருடம் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் வாழ்நாள் பட்டியலால் பதில் சொல்ல முடியாது. ஒரு வகையை ஒருமுறை பார்த்துவிட்டால் அதன் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. நான்கு குயில் பார்த்தாலும் நாற்பது பார்த்தாலும் பட்டியலில் குயில் ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் 'செக்லிஸ்ட்', அதாவது ஒரு வேளை ஓரிடத்தில் பார்த்த பறவைகளின் பட்டியல், வருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற தரவுத்தளத்தைத்தான் இன்று இந்தியப் பறவை ஆர்வலர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். பட்டியலை அனுப்பும் முன் அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்திருக்கிறீர்களா? ஆம் என்றால் அது முழுப் பட்டியல். இந்தக் கேள்வியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நான் காகத்தை எழுதாமல் விட்டால், காகம் இல்லையா, எழுதச் சலிப்பா என்று யாருக்கும் தெரியாது. முழுப் பட்டியல் என்று உறுதி சொல்லிவிட்டால், எழுதாத பறவையும் ஒரு செய்தியாகிவிடுகிறது. ஒரு மாவட்டத்தில் நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருந்தது என்று எண்ணலாம். பத்து வருடம் கழித்து அதே எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். தலைகளை எண்ணி முடியாத நாட்டில் இப்படித்தான் ஏற்ற இறக்கம் தெரிகிறது.

சிட்டுக்குருவியைச் சும்மா சொல்லவில்லை. கைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்தே போய்விட்டது என்று நம் ஊரில் பரவலான நம்பிக்கை உண்டு. 2018-இல் வந்த '2.0' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. தன்னார்வலர்களின் பட்டியல்களைத் திரட்டி 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வேறு மாதிரி சொன்னது. சென்னை போன்ற பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடந்த கால் நூற்றாண்டில் அதன் நிலை ஏறத்தாழ மாறாமல்தான் இருக்கிறது. யாரும் கண்ணீர் விடாத பறவைகள்தான் உண்மையில் சரிந்துகொண்டிருந்தன: பாறுக் கழுகுகள், வலசை வரும் கரையோரப் பறவைகள், புல்வெளிப் பறவைகள். 2023-இல் வந்த அடுத்த அறிக்கை 30,000-க்கும் அதிகமானவர்கள் அனுப்பிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைகளை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிந்த 338 வகைகளில் 204 வகைகள் குறைந்திருந்தன. மயில் வெகுவாகப் பெருகியிருந்தது. எங்கள் பக்கத்து நிலக்கடலை விவசாயிகளிடம் கேட்டால் அறிக்கை இல்லாமலே அதைச் சொல்லியிருப்பார்கள்.

இந்த மூன்று கோடியில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் விடிகாலையில் எழுந்து, சாப்பிடாமல் கிளம்பி, கரையில் நின்று எழுதியது. சம்பளம் கிடையாது. நம் காலத்தில் இவ்வளவு பெரிய கூட்டுழைப்பு இத்தனை ஓசையில்லாமல் நடந்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

கேரளத்துக்காரர்கள் இதில் நமக்கு மூத்தவர்கள். 2015 முதல் 2020 வரை அந்த மாநிலத்தையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த நாலாயிரம் கட்டங்களுக்கு மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை என்று போய் எண்ணினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், மூன்று லட்சம் பதிவுகள், 361 வகைகள். கட்டம் ரப்பர் தோட்டத்தில் விழுந்தாலும் பேருந்து நிலையத்தில் விழுந்தாலும் அங்கேதான் போய் எண்ண வேண்டும். பறவை ஆர்வலருக்கு இது பெரிய தியாகம். பக்கத்தில் நல்ல சதுப்பு நிலம் இருக்கும்போது ரப்பர் தோட்டத்தில் நின்று இரண்டு தவிட்டுக்குருவிகளை எழுதுவதற்குத் தனி மனப்பக்குவம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் நாட்களில் பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் பறவை பார்த்துப் பட்டியல் அனுப்ப வேண்டும். நாளைத் தேர்ந்தவர்களைப் பாராட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் நீர் நிற்கும் சமயம், வலசைப் பறவைகள் இங்கே இருக்கும் சமயம் அது. எல்லாவற்றுக்கும் மேல், சென்னையிலும் கோவையிலும் வேலை பார்ப்பவர்கள் சொந்த ஊருக்கு வரும் சமயம். வருடம் முழுக்க யாரும் தொலைநோக்கியோடு எட்டிப் பார்க்காத குளங்கள் அந்த நான்கு நாளில் வரைபடத்தில் வந்துவிடுகின்றன.

இதில் மொழிக்கும் பங்கு இருக்கிறது. க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்', ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' போன்ற நூல்கள் வந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி, முக்குளிப்பான் என்று தமிழிலேயே எண்ணுகிறார்கள். ஊர்க்காரர்களிடம் பெயர்கள் எப்போதும் இருந்தன, பறவைகள் மேல் அக்கறையும் இருந்தது. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட விவசாயிகள், 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். எங்கள் சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவர்களில் யாரும் லைஃபர் எண்ணியவர்கள் இல்லை.

எண்ணுவதில் உள்ள ஆசை கெடுக்கவும் செய்யும். அபூர்வமான பறவை ஒன்று வந்தது என்று தெரிந்தால் மறுநாள் காலையில் இருபது கார் நிற்கும். கூட்டருகே போய்ப் படமெடுப்பார்கள். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். என் நூற்று எழுபத்தாறாவது பறவை அப்படிப் புதரிலிருந்து வெளியே இழுக்கப்பட்டது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, அலகைத் திறந்தபடி கிளைக்குக் கிளை தாவியது. பிறகு அந்தப் பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்ததால் அந்தப் பறவைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் எனக்குப் பட்டியலின் கணக்கு மாறியது. ஆளுக்கு எத்தனை பறவை என்பதை விட்டு, எங்கள் கண்மாய்க்கு எத்தனை பறவை, எத்தனை வருடம் என்று எண்ணத் தொடங்கினேன்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கண் வேறு மாதிரி பழகுகிறது. முதல் இரண்டு வருடம் நான் எழுதிய பொரி உள்ளான்களில் பாதி பச்சை உள்ளான்களாக இருந்திருக்கும். இரண்டும் சேற்றோரம் நடக்கும் பழுப்புப் பறவைகள். பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் ஒரு பொங்கல் காலையில் திருத்தினாள். "பெரியப்பா, புருவத்தைப் பாருங்க. வெள்ளைக்கோடு கண்ணைத் தாண்டிப் போகலை. பறக்கும்போது இறக்கைக்கு அடியில கறுப்பா இருந்துச்சு." பொரி உள்ளானுக்குப் புருவக்கோடு கண்ணைத் தாண்டி நீளும், இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். பழைய பட்டியல்களை எடுத்து, சந்தேகமானவற்றை வெறும் 'உள்ளான்' என்று திருத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேதி வாசித்தாள்.

மழை பொய்த்த ஒரு வருடம் பொங்கலன்று கண்மாய் கட்டாந்தரையாகக் கிடந்தது. நடுவில் ஆடு மேய்ந்தது. முந்தைய வருடம் அதே நாளில் அதே கரையில் நாற்பத்து மூன்று வகை. இம்முறை அரை மணி நேரத்தில் பதினொன்று: காகம், மைனா, கரிச்சான், ஆள்காட்டி, ஒரு வல்லூறு, இப்படி. எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி மடைப்பக்கமிருந்து வந்தார். தண்ணீர் இல்லாத வருடத்திலும் காலையில் மடையைப் பார்த்துவிட்டுப் போவது அவருக்குப் பழக்கம்.

"ஒண்ணுமே இல்லையே, என்னத்த எழுதுறீக?"

"இல்லைங்கிறதத்தான் எழுதுறேன்ணே. நாமக்கோழி இல்ல, நாரை இல்ல, முக்குளிப்பான் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் கண்மாயைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவர் அப்பா காலத்தில் ஒருமுறை இப்படிக் கிடந்ததாகச் சொன்னார், எந்த வருடம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். போகத் திரும்பியவர் நின்று, மடைக்கல்லைக் கையால் காட்டினார். அதன் மேல் வெண்புருவ வாலாட்டி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அந்தா, அதையும் எழுதிக்கங்க."

பன்னிரண்டு என்று எழுதினேன்.